கர்ணம் கீழே

"பையன் கெட்டிக்காரன்தான். ஆனா…" இதற்கு மேல் வரவில்லை. முப்பத்தொரு வருஷமாக இதற்கு மேல் வரவில்லை. ஆனாவுக்குப் பிறகு கிழவர், என் பள்ளித் தோழனின் தாத்தா, என்னைப் பற்றி ஏதோ சொன்னார், அது நிச்சயம். உதடு அசைந்தது கண்ணில் இருக்கிறது, மேல்வரிசையின் ஒற்றைப் பல் இருக்கிறது, கையில் பாதி உரித்த சாத்துக்குடி இருக்கிறது, சொன்னது மட்டும் இல்லை. கேட்டு மறந்தேனா, கேட்கவே இல்லையா என்பதும் தெரியவில்லை. நாளைக்கு ஒரு தடவையாவது வந்து போகும், பல் தேய்க்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, இதோ இப்போது இந்த வரிசையில் நிற்கும்போது. வரிசை என்றால் ரேஷன் கடை வரிசை இல்லை, அங்கேயாவது நிற்பவனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இது திருச்சி கருமண்டபத்துக்கு அப்பால் புதிதாக முளைத்திருக்கும் ஏசி மண்டபத்தில், மேடையேறி மணமக்களோடு ஒரு போட்டோவுக்குப் பல்லைக் காட்டிவிட்டுப் பந்திக்கு ஓடுவதற்காகப் பட்டும் கோட்டும் வியர்வையுமாக நிற்பவர்களின் வரிசை. எனக்கு முன்னால் எண்பத்து மூன்று பேர். எண்ணினேன், எண்ணுவது என் வியாதி. சராசரி மூன்று பேராக மேடையேறுகிறார்கள், ஒரு கூட்டத்துக்கு ஒரு நிமிஷம், ஆக இருபத்தெட்டு நிமிஷம். இருபத்தெட்டு நிமிஷத்தில் நான் மேலே போய், பெண்ணின் அப்பாவான தெய்வசிகாமணியிடம், பதினோராம் வகுப்பில் என் பெஞ்சில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சிகாமணியிடம், சரி அல்லது இல்லை என்று ஒரு பதில் சொல்ல வேண்டும். இல்லை என்றுதான் சொல்லப் போகிறேன். அதற்குத்தான் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

வாசலில் இருந்தே ஆரம்பித்துவிட்டது. கை கூப்பும் பொம்மை, கரண்டில் ஓடுகிறது, ஒரு கை பழுதாகி நெற்றியில் அடித்துக்கொள்கிற மாதிரி போய்ப் போய் வந்தது, மண்டபத்தில் அறிவோடு இருந்த ஒரே ஜீவன் அதுதான். அதைத் தாண்டினால் கேரளத்துச் செண்டை மேளம், புகை கக்கும் எந்திரம், தர்பூசணியில் செதுக்கிய மணமக்கள், அதற்குப் பிறகு சிகாமணி, பனைமர உயரத்துக்கு, ஃப்ளெக்ஸில், கையில் ஒரு செங்கோண முக்கோணத்தைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. மகள் கல்யாணத்தில் கூடவா? "டாக்டர் டி. தெய்வசிகாமணி, நிறுவனர், சிகா அகாடமி, பதினோரு கிளைகள்." டாக்டராம். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்தத் தீவில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. இரண்டு வாரம் முன்பு போன் பண்ணினான். "டேய் குலா, கீழ விழுந்தவனைத் தூக்கிவிடறேன்னு நினைச்சுக்காத. எனக்கு ஆள் வேணும்டா. டைரக்டர்னு போட்டுக்க. உனக்குக் கீழ நாப்பது வாத்தியாருங்க. பொண்ணு ரிசப்ஷனுக்கு வா, மேடையில என் காதுல சரின்னு ஒரு வார்த்தை, திங்கக்கிழமை வந்து உக்காரு." கீழே விழுந்தவன் என்று நான் சொல்லவே இல்லை, அவனாகச் சொன்னான், சொல்லிவிட்டு நினைச்சுக்காத என்றும் சொன்னான், இது அவன் கற்றுக்கொண்ட வியாபாரம். வீட்டில் வசுமதி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள், "போய் சரின்னு சொல்லிட்டு வாங்க. பதினாலு மாசமா சோபாவுல உக்காந்து டிவியில வர்றவன் இங்கிலீஷைத் திருத்திட்டு இருக்கீங்க. அவனுக்கும் கேக்கல, எனக்கும் பொறுக்கல." என் மனைவி நல்லவள். பெரிய ஆசைகள் இல்லாதவர்கள் பொதுவாக நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது சிரமமே இல்லை. நான் வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டேன். குளிக்கும்போது செய்தது, காரில் மெருகேற்றியது. "சிகாமணி, உன் அன்பு பெரிது, ஆனால் நான் கணிதம் படித்தவன், நீ விற்பது வேறு சரக்கு." ஆங்கிலத்திலும் ஒன்று வைத்திருக்கிறேன், அது இன்னும் கூர், ஆனால் அவனுக்குப் புரியாமல் போய்விட்டால் வீண். குத்து வாங்குகிறவனுக்குக் குத்து தெரிய வேண்டாமா?

எனக்கு முன்னால் ஒரு தம்பதி. அந்த அம்மாளின் முதுகில், ரவிக்கையில், மயிலும் மயிலின் குடும்பமும் ஜரிகையில் உட்கார்ந்திருக்கின்றன. கணவன் கையில் பரிசுப் பெட்டி. "போட்டோவுல பெட்டி தெரியணும், முன்னாடி புடிங்க." "தெரிஞ்சா என்ன, நம்ம பேரு எழுதியிருக்கா?" "எழுதலையா?" "நீதானே எழுதறேன்ன." "அப்ப நாம வந்ததுக்கு என்ன அத்தாட்சி?" அத்தாட்சி. வாழ்க்கை முழுக்க இவர்களுக்கு அத்தாட்சிதான் வேண்டும், வந்ததற்கு, தின்றதற்கு, இருந்ததற்கு. வரிசை இரண்டடி நகர்ந்தது. தோளில் ஒரு கை விழுந்தது, "டேய் அமெரிக்கா! நீயெல்லாம் வரிசையில நிக்கறியா? உனக்கு விஐபி பக்கமா வழி விட்டிருப்பானே!" ரகமத்துல்லா. பாலக்கரையில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான், அதே பெஞ்சில் வலப்பக்கம். தலையில் ஒரு முடி இல்லை, அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. எனக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை என்றேன். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். "டைரக்டராமே நீ? கேள்விப்பட்டேன். சிகா சொன்னான். நம்ம பெஞ்சே மேல வந்துருச்சுடா மாப்ள, நான் ஒருத்தன்தான் ஆசிட்டுல கையை விட்டுட்டு இருக்கேன்." ஆக எல்லாருக்கும் சொல்லிவிட்டான். நான் சரி சொல்வேன் என்று முடிவு கட்டிவிட்டான். எப்படிக் கட்டினான்? என் குரலில் ஏதாவது கேட்டதா? பசி கேட்டதா? கோட்டுக்குள் முதுகுத்தண்டு வழியாக ஒரு துளி வியர்வை இறங்கிற்று, இத்தனை ஏசியிலும், மெதுவாக, ஒவ்வொரு எலும்பாக நின்று விசாரித்துக்கொண்டு.

அப்போதுதான் மேடைக்கு இரண்டு பக்கமும் இருந்த திரைகளில் மணமக்கள் மறைந்து சிகாமணி வந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் உடை மாற்றப் போயிருக்கிறார்களாம், அதுவரை அப்பாவின் சாதனைகள். ஒரு பெரிய கொட்டகையில் முந்நூறு நானூறு பிள்ளைகள் ஒரே குரலில் கத்துகின்றன. "சைக்கிள்ல எதிரி மேலே, கர்ணம் கீழே! காசுல அடுத்தவன் மேலே, கர்ணம் கீழே! தானத்துல எதிரி மேலே, அடுத்தவன் கீழே, கர்ணத்தையே காணோம்!" மண்டபத்தில் பாதிப்பேர் கூடவே முணுமுணுத்தார்கள். மயில் முதுகு அம்மாள்கூட.  அது என்னுடையது. ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது. பத்தாவது வரை நாங்கள் மூன்று பேரும் தமிழ்வழி. செங்கோண முக்கோணத்தில் கோணத்துக்கு எதிரே நிற்பது எதிர்ப்பக்கம், ஒட்டிக்கொண்டு நிற்பது அடுத்துள்ள பக்கம், சாய்ந்து கிடக்கும் நீளக் கோடு கர்ணம். பதினொன்றில் ஆங்கிலவழிக்குத் தள்ளினார்கள், ஒரே ராத்திரியில் எல்லாம் ஆப்போசிட், அட்ஜேசன்ட், ஹைப்பாட்டனூஸ் ஆயிற்று. நான் ஒரு வாரத்தில் தாண்டிவிட்டேன், எனக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. சிகாமணிக்கு ஹைப்பாட்டனூஸ் என்று வாயில் வராது, வந்தாலும் எது மேலே எது கீழே என்று நிற்காது, டேன் என்பதைத் தான் என்று வாசிப்பான். ஒரு நாள் மதியம் பொறுக்க முடியாமல் அவனுக்கென்று கட்டிக் கொடுத்தேன். சைனுக்குச் சைக்கிள், காஸுக்குக் காசு, தான் என்று வாசிக்கிறவனுக்குத் தானம். எதிர்ப்பக்கம் எதிரி, அடுத்துள்ள பக்கம் அடுத்தவன். கர்ணம் கர்ணமாகவே இருக்கட்டும், ஏனென்றால் சிகாமணியின் தாத்தா லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ணமாக இருந்தவர், ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம், பரம்பரைப் பதவிகளை ஒழித்தபோது வேலை போய் மகன் வீட்டில் வந்து ஒண்டியவர். கணக்கில் வருகிற கர்ணமும் ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணமும் ஒரே எழுத்து. எதிரி சைக்கிளில் வந்து ஏறிவிட்டான், உன் தாத்தா கீழே. அதுதான் அதில் இருந்த சிரிப்பு. உதவி இல்லை, கேலி. நான் அன்றைக்கு அவனைக் கேலிதான் செய்தேன், அந்த மடையன் அதைப் பிடித்துக்கொண்டு பதினோரு கிளை கட்டிவிட்டான்.

திரையில் ஒரு பெண் மைக்கை நீட்டிக் கேட்டாள், இந்த முறையை எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? சிகாமணி தலையைக் கொஞ்சம் சாய்த்து, வெட்கம் மாதிரி ஒன்றைக் காட்டி, சொன்னான். "நானே யோசிச்சதும்மா." நானே. யோசிச்சது. இரண்டு சொல், இரண்டும் பொய். யோசிக்கிற உறுப்பு அவனிடம் இருந்ததாக அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் சாட்சி சொல்ல மாட்டார். ரகமத்துல்லா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் மக பாஸானதே இந்தக் கர்ணத்தாலதான் மாப்ள. வீட்ல சமைச்சுக்கிட்டே பாடுவா. கேட்டுக் கேட்டு என் பொஞ்சாதியும் பாடுது." அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அவன் வலப்பக்கம்தானே உட்கார்ந்திருந்தான்.  சொல்வது என்றால் என்ன சொல்வது, அது நான் செய்தது என்றா? நாற்பத்தெட்டு வயதில், கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு சைக்கிள் பாட்டுக்கு உரிமை கேட்டு? வாக்கியத்தை மாற்றலாம் என்று பட்டது. "சிகாமணி, உன் அன்பு பெரிது, ஆனால் திருடிய இடத்தில் சம்பளம் வாங்குவது எனக்குப் பழக்கமில்லை." யார் திருடிய இடம், இலக்கணம் தடுக்கிறது. "நீ திருடியதற்கு." ஆனால் என்பதை முன்னால் போடலாமா? எங்கே போட்டாலும் அந்த ஆனால் அங்கேயே நிற்கிறது, கிழவரின் ஆனா மாதிரி, கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு.

பொன்மலையில், ரயில் பாதையை ஒட்டிய சிகாமணி வீடு. நானும் சிகாமணியும் கூடத்தில் உட்கார்ந்து அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம், அவன் பாட்டை முணுமுணுக்கிறான், கிழவர் நாற்காலியில் சாத்துக்குடி உரிக்கிறார். என்னடா அது கர்ணம் கர்ணம்ங்கறே, என்கிறார். சிகாமணிக்கு முகம் செத்துவிட்டது. ஒண்ணுமில்ல தாத்தா என்கிறான். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் எழுந்து நின்று சொன்னேன். பள்ளி ஆண்டுவிழாவில் சொல்வது மாதிரி, கையை ஆட்டி, கீழே என்கிற இடத்தில் கீழே காட்டி. கடைசி வரிக்குக் கிழவர் சிரித்துவிட்டார், வயிறு குலுங்க, சாத்துக்குடிச் சாறு வேட்டியில் சொட்ட. "சரியாத்தான்டா சொல்றான். தானம்னு வந்தா நாங்க எங்கடா இருந்தோம், காணாமத்தான் போனோம்." பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு மிச்சம் இருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைப் பார்க்கிற கண். "பையன் கெட்டிக்காரன்தான். ஆனா…" ரயில் வந்துவிட்டது. சரக்கு ரயில், ஜன்னல் கம்பி எல்லாம் அதிர, நாற்பது பெட்டியோ ஐம்பதோ, உதடு அசைந்தது, சிகாமணி அவர் காலடியில் உட்கார்ந்திருந்தான், அவன் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தது. ரயில் போன பிறகு அவர் சுளையை வாயில் போட்டுக்கொண்டுவிட்டார். என்ன சொன்னார்? ஆனா உருப்பட மாட்டான். ஆனா அடக்கம் இல்லை. ஆனா நம்மாளு இல்லை, அதுவும் இருக்கலாம், அந்தக் காலத்துக் கர்ணம். ஆனா சாப்பிட்டுப் போகச் சொல்லு, ஒருவேளை அவ்வளவுதானா? ஒரு கிழவர் பசிக்குச் சொன்னதை முப்பத்தொரு வருஷம் சாபமாகச் சுமந்தேனா? என்னைப் போன்ற ஒருவன் அப்படியும் செய்யக்கூடியவன்தான்.

இன்னும் நாற்பது பேர். நாற்பத்தொன்று, ஒரு குழந்தை இடுப்பில் இருக்கிறது. என்னைப் போன்ற ஒருவன். என்னைப் போன்றவன் என்றால் எப்படிப்பட்டவன்? நீ பெரிய ஆளா வருவே என்று எல்லாரும் சொல்லிச் சொல்லியே பெரிய ஆள் ஆகாமல் போனவன். கணிதத்தில் மாநிலத்தில் மூன்றாவது, பிறகு அமெரிக்கா, பிறகு முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டு ஹார்ட்ஃபோர்டில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி. எந்த வயதுக்காரன் எந்த வருஷத்தில் சாவான் என்று அட்டவணை போடுகிற வேலை, இருபத்து மூன்று வருஷம். ஊருக்கு வந்தால், ஆராய்ச்சி என்று சொல்வேன். அங்கே கூட வேலை செய்தவர்களையும் நான் ஒரு நாளும் மதித்ததில்லை, கணிதம் தெரியாத கணக்குப்பிள்ளைகள் என்று உள்ளுக்குள் ஒரு சொல் வைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் அவர்கள் பேஸ்பால் பேசும்போது, எனக்குள் ஒன்று இருக்கிறது, அது ஒரு நாள் வெளியே வரும், அன்றைக்குத் தெரியும் உங்களுக்கு, என்று ரொட்டியை மென்றுகொண்டிருப்பேன். அது வரவில்லை. ஏழு நிமிஷ வீடியோ அழைப்பில் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி வேலை இல்லை என்றாள், நன்றி சொன்னேன், தாய்மண் கூப்பிட்டது என்று எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். நாற்பத்தெட்டு வயது, ஆண், புகை கிடையாது, இன்னும் சராசரி முப்பத்தொரு வருஷம், அதுவும் என் அட்டவணைதான். முப்பத்தொன்று. கிழவர் சொன்னதிலிருந்து இன்று வரை எவ்வளவோ அவ்வளவு இன்னும் பாக்கி. நடுவில் நிற்கிறேன், வரிசையில். பயம் சாவைப் பற்றியது இல்லை, சாவை எனக்குத் தசமப் புள்ளிக்கு அப்பால் நாலு இலக்கம் வரை தெரியும். பயம் வேறு. எனக்குள் இருந்தது என்று நான் நினைத்தது, முப்பது வருஷம் காவல் காத்தது, அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சைக்கிள் பாட்டு மட்டும் இருந்தால்? நான் செய்ததிலேயே, இன்னொருவனுக்கு ஒரு வகையில் பயன்பட்டது அது ஒன்றுதான் என்று இருந்தால்? அதையும் நான் கேலிக்குச் செய்தேன்.

"ஏன்டா, அந்த எனிமி பேப்பர் ஞாபகம் இருக்கா?" ரகமத்துல்லாதான். மேடைப் படி தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம், பன்னீர் தெளிக்கிற பெண்ணைக் கடந்து. எந்தப் பேப்பர் என்றேன். ஆனால் அவன் சொல்வதற்கு முன்பே ஞாபகம் வந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு. கணக்கு வாத்தியார் லூர்து சார் விடைத்தாள் கட்டோடு வகுப்புக்குள் வருகிறார், மேலே ஒரு தாளைத் தனியாகப் பிடித்துக்கொண்டு. தெய்வசிகாமணி, ஸ்டாண்ட் அப். சார் வாசிக்கிறார், அவருடைய நல்ல ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "சைன் தீட்டா ஈஸ் ஈக்வல் டு… எனிமி பை வில்லேஜ் அக்கவுண்டன்ட்." ஆங்கிலச் சொல் வரவில்லை அவனுக்கு, பாட்டு வந்திருக்கிறது, பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதிவிட்டான், தேர்வுத்தாளில். "காஸ் தீட்டா ஈஸ் ஈக்வல் டு நெக்ஸ்ட் மேன் பை வில்லேஜ் அக்கவுண்டன்ட்." வகுப்பு வெடித்தது. அறுபது பேர் சிரித்தார்கள். "டேன் தீட்டாவுல வில்லேஜ் அக்கவுண்டன்டைக் காணோமாம், நாட் ஃபவுண்ட்னு போட்டிருக்கான்," என்று சார் சொன்னபோது ஒருவன் பெஞ்சிலிருந்து கீழேயே விழுந்துவிட்டான். அந்த ஒருவன் யார் என்று ரகமத்துல்லா சொல்லத் தேவையில்லை. "நீ விழுந்து விழுந்து சிரிச்சடா. நெஜமாவே விழுந்த." ஆமாம், சிமெண்டுத் தரை, முழங்கை சிராய்த்தது, சிரிப்பு நிற்கவில்லை. தலைக்கு மேலே சிகாமணியின் கால்சட்டை, அதில் மை, அவன் நீட்டிய கை. பிரம்பு. "யார்ரா சொல்லிக் குடுத்தது இதை? எந்தக் கழுதை சொல்லிக் குடுத்தது?" ஒன்று. "சொல்லுடா." இரண்டு. நான் தரையில் இருந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை, பெஞ்சுக்கு அடியிலேயே இருந்தேன், எழுந்தால் என் முகம் தெரியும். மூன்று. அப்போது மேலே அவன் குரல், மூக்கு ஒழுகுகிற குரல், கேட்டது. "நானே யோசிச்சது சார்."

அதே இரண்டு சொல். திரையில் தலையைச் சாய்த்துச் சொன்னானே, அதே இரண்டு சொல். "அன்னிக்கு மட்டும் உன் பேரைச் சொல்லியிருந்தான்னா, லூர்து சார் உன் பரிசு கிரிசு எல்லாத்தையும் நிறுத்தியிருப்பாரு," என்றான் ரகமத்துல்லா, "ஆனா பய சொல்லல. நாங்கூட கேட்டேன், ஏன்டா சொல்லலன்னு. குலாவுக்கு ஸ்காலர்ஷிப் வரணும்லன்னான்." சாதாரணமாகச் சொன்னான், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. சொல்லிவிட்டு முன்னால் எட்டிப் பார்த்தான், "பந்தியில பரோட்டா தீந்துருமோடா?" அற்பம். எவ்வளவு அற்பமான மனிதர்கள். இவர்களிடம் பெருந்தன்மைகூட அற்பமாக இருக்கிறது, கணக்கு வைக்கத் தெரியாததால் வருகிற பெருந்தன்மை, அதற்கு என்ன மதிப்பு? இதை நான் நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது எவ்வளவு பழைய குரல் என்று தெரிந்தது, பெஞ்சுக்கு அடியிலிருந்து வருகிற குரல். வாக்கியத்தைத் தேடினேன். உன் அன்பு பெரிது, ஆனால். நான் கணிதம் படித்தவன். நீ விற்பது. ஆங்கிலத்தில் ஒன்று இருந்ததே, அது எங்கே? மயில் முதுகு அம்மாள் மேடையேறிவிட்டாள், பெட்டி முன்னால், பெயர் இல்லாத பெட்டி. கல்யாணப்பெண் இப்போது வேறு பட்டில் இருந்தாள், களைத்துப்போன சின்ன முகம், அப்பாவின் அதே மூக்கு. என் முறை. படி மூன்று. ரகமத்துல்லா பின்னாலிருந்து முதுகைத் தள்ளினான், "ஏறுடா டைரக்டர்."

சிகாமணி நேரில் ஃப்ளெக்ஸை விடக் குட்டை. கட்டிக்கொண்டான். சந்தனமும் வியர்வையும் கழுத்துவலிக்குப் போடுகிற தைலமும். "வந்துட்டியா. எனக்குத் தெரியும்டா வருவேன்னு. அம்மாடி, இதான் குலசேகரன் மாமா, நான் சொல்லுவேன்ல." பெண் கும்பிட்டாள். கேமராக்காரன் கையை அசைத்தான், "சார், கோட்டு சார், நீங்க ரொம்ப உயரமா இருக்கீங்க, எல்லார் தலையும் மறையுது. ஒரு படி கீழ எறங்கி நில்லுங்க சார். கீழ. இன்னும் கொஞ்சம் கீழ." இறங்கினேன். சிகாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கர்ணம் கீழே!" என்றான், பெண்ணும் சிரித்தாள், மாப்பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான். ஃபிளாஷ் அடித்தது. கண்ணில் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் அவன் சாய்ந்து என் காதருகே வந்தான், இப்போதுதான் அவன் எனக்குச் சம உயரம். "டேய், எங்க தாத்தா உன்னைப் பத்திச் சொன்னது ஞாபகம் இருக்கா? பொன்மலை வீட்ல? நான் இன்னிக்கும் நினைச்சு நினைச்சு சிரிப்பேன்டா." இல்லை என்றேன். ரயில் என்றேன். "ஆமா, ரயிலு வந்துச்சு. பையன் கெட்டிக்காரன்தான், ஆனா யாரையாச்சும் கீழ போட்டாத்தான் இவனுக்குக் கணக்கு வருதுன்னாரு." சிரித்தான். கையை என் தோளிலிருந்து எடுக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அன்றைக்குப் பிரம்புக்குக் கை நீட்டினான், தெரிந்துதான் போன் பண்ணினான். அடுத்தவங்க வாங்க, அடுத்தவங்க, என்று யாரோ கீழே கத்தினார்கள். "சரி, பதில் சொல்லு. நாப்பது பேரு காத்துட்டு இருக்காங்க உனக்குக் கீழ."

டைரக்டர் வேலை வேண்டாம், கீழே யாரும் வேண்டாம், திங்கட்கிழமை காலை லால்குடி கிளையில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழிக்குப் பாடம் எடுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.